மானியம் வண்டிக்கா, ஓட்டத்துக்கா? மின்சார பஸ், லாரிகளுக்கு அரசு தரும் சலுகைகளின் உள்கணக்கு

2025 ஜூன் 30ஆம் தேதி சென்னை வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் முதன்முதலாக ரோட்டுக்கு வந்தன. பஸ்ஸின் மேல் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருந்தது. டிக்கெட் கொடுப்பவர் கழகத்தின் கண்டக்டர். ஆனால் ஸ்டியரிங் பிடித்திருந்தவருக்குச் சம்பளம் தருவது ஒரு தனியார் நிறுவனம். பஸ்ஸும் அந்த நிறுவனத்துடையதுதான். அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் நிறுவனம் பஸ்ஸை வாங்கி, சார்ஜ் போட்டு, பழுது பார்த்து, டிரைவர் வைத்து ஓட்டுகிறது. கழகம் அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறது. ஏசி இல்லாத பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் 16 பைசா, ஏசி பஸ்ஸுக்கு 80 ரூபாய் 86 பைசா. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் உறுதி. இந்த ஏற்பாடு 12 ஆண்டுகளுக்கு. இப்படி மொத்தம் 625 பஸ்கள் ஐந்து டெப்போக்களுக்கு என்பது திட்டம். இதற்குப் பின்னால் உலக வங்கியின் கடனுதவியும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு சுற்று? அரசிடம் பணம் இருந்தால் பஸ்ஸை நேராக வாங்கி ஓட்ட வேண்டியதுதானே என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், மாற்று எரிபொருள் வண்டிகளுக்கு அரசு பணம் கொடுக்கும் விதம் கடந்த பத்து ஆண்டுகளில் எப்படி மாறி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். அப்புறம் வண்டி ஓடும் தூரத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது, ஓட்டியவருக்குப் பணம் கட்டாயம் வந்து சேரும் என்ற உத்தரவாதத்துக்கே தனியாக நிதி ஒதுக்குகிறார்கள். இந்த மூன்றில் கடைசியாக வந்ததுதான் மிக முக்கியமானது என்பது என் எண்ணம். பேப்பரிலும் டிவியிலும் ஆகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மொத்தமாக வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கு அரசு ஏன் தனியாகச் சலுகை தர வேண்டும்? வீட்டு வாசலில் நிற்கும் காரும் பஸ், லாரி போல ஒரு வண்டிதானே?

ஒரு நகர பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 23 ரூபாய் எரிபொருளுக்கே போகிறது. அதே அளவு மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் தேவை, யூனிட் 8 ரூபாய் என்றால் செலவு 10 ரூபாய்க்குள் முடிகிறது. மிச்சம் 13 ரூபாய். நாளைக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் 70,000 கிலோமீட்டர். அதாவது ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் மிச்சம். இப்போது அதே பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். காலையும் மாலையுமாக 50 கிலோமீட்டர், ஆண்டுக்கு 220 நாள். ஓட்டம் 11,000 கிலோமீட்டர்தான். மிச்சம் ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடாது. பஸ்ஸின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

மின்சார வண்டியின் குணமே இதுதான்: வாங்கும்போது கடிக்கும், ஓட ஓடக் கொடுக்கும். வியாசர்பாடியின் 120 பஸ்களுக்கு அரசு சொன்ன மதிப்பு சுமார் 208 கோடி ரூபாய். ஒரு பஸ்ஸுக்கு ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம். சக்கர நாற்காலியோடு ஏறும்படியான தாழ்தள பஸ் இது. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்காக நீதிமன்றம் ஏறிப் போராடிப் பெற்ற வசதி. அந்தச் செலவை யாரும் வீண் என்று சொல்லக் கூடாது. ஆனால் அவ்வளவு பணத்தை முதல் நாளே போட வேண்டும். போட்டது திரும்பி வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியை யார் தாங்குவது என்பதுதான் சலுகைத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

வண்டியின் விலையில் ஒரு பங்கு

இந்தியாவில் மின்சார, ஹைப்ரிட் வண்டிகளுக்கு மத்திய அரசு மானியம் தரும் ஃபேம் என்ற திட்டம் 2015 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. முதல் கட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஹைப்ரிட் என்ற பெயரில், சின்ன பேட்டரியின் துணையோடு டீசலிலேயே ஓடும் கார்களுக்கும் மானியம் கிடைத்தது. அந்தக் கார்கள் நன்றாக விற்றன. மானியத்தில் பெரும் பங்கை அவையே எடுத்துக்கொண்டன. 2017 ஏப்ரலிலிருந்து அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சொந்தக் கார் வாங்கும் குடும்பத்துக்கு டீசலில் கொஞ்சம் மிச்சம் கிடைத்தது. ஊரின் காற்றுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அதனால் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயோடு வந்த இரண்டாம் கட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டது. மூன்று சக்கர வண்டி, கார் இரண்டிலும் வாடகைக்கு ஓடுபவைக்குத்தான் முக்கியமாக மானியம். சொந்தக் கார் வாங்கினால் கிடையாது. பஸ்ஸுக்கு பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 20,000 ரூபாய். 12 மீட்டர் பஸ்ஸுக்கு அதிகபட்சம் 55 லட்சம், நடுத்தர பஸ்ஸுக்கு 45 லட்சம், சின்ன பஸ்ஸுக்கு 35 லட்சம். அதுவும் போக்குவரத்துக் கழகங்கள் பஸ்ஸை விலைக்கு வாங்காமல், கிலோமீட்டர் ஒப்பந்தத்தில் எடுத்தால் மட்டும். வியாசர்பாடியில் நாம் பார்க்கும் ஏற்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த நிபந்தனைக்கு ஒரு காரணம் உண்டு. மின்சார பஸ் புதுப் பொருள். பேட்டரி எத்தனை நாள் உழைக்கும், வெயிலில் எவ்வளவு சுருங்கும், மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்று எந்தக் கழகத்துக்கும் அனுபவம் கிடையாது. பஸ்ஸை விற்றுவிட்டுப் போகும் நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை. பஸ் ஓடினால்தான் உனக்குக் காசு என்று கட்டிவைத்தால், நல்ல பஸ்ஸைக் கட்ட வேண்டிய பொறுப்பு அதன் தலையிலேயே விழுகிறது. 2019 ஆகஸ்டில் 64 நகரங்களுக்கு 5,595 பஸ்கள் ஒதுக்கப்பட்டன.

55 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரிகிறது. கிலோமீட்டருக்குப் பிரித்துப் பார்ப்போம். 12 ஆண்டில் பஸ் 8 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். வட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய். 10 சதவீத வட்டியோடு பார்த்தால் பதினொன்றரை ரூபாய். நல்ல உதவிதான். ஆனால் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் கொடுக்க வேண்டிய கழகத்தின் சுமையில் அது ஒரு பகுதிதான். மீதியை யார் கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று 55 லட்சம் சொல்வதில்லை.

விலை இறங்கியது, விற்பவர்கள் தயங்கினார்கள்

2022இல் ஒரு பெரிய டெண்டர் நடந்தது. மத்திய அரசின் சி.இ.எஸ்.எல். நிறுவனம் டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களின் தேவையை ஒன்றாகச் சேர்த்து, 5,450 பஸ்களுக்கு ஒரே டெண்டர் விட்டது. ஆளுக்கு ஆள் ஒவ்வொரு அளவில் நூறு பஸ் கேட்டால் விலை ஏறும். ஒரே மாதிரி பஸ்ஸை ஆயிரக்கணக்கில் கேட்டால் இறங்கும். அப்படியே நடந்தது. 12 மீட்டர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 43 ரூபாய் 49 பைசா, 9 மீட்டர் பஸ்ஸுக்கு 39 ரூபாய் 21 பைசா வரை விலை வந்தது. மின்சாரச் செலவும் இதற்குள்ளேயே.

சென்னையின் 77 ரூபாயோடு இதை ஒப்பிட்டுக் கோபப்படுபவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பொருள் அல்ல. பஸ்ஸின் தள உயரம் வேறு, ஃபேம் மானியம் உண்டா இல்லையா என்பது வேறு, எத்தனை பஸ், எந்த ஆண்டு, ஒப்பந்தத்தில் என்னென்ன அடங்கும் என்பதெல்லாம் வேறு. அதற்காக 77 ரூபாய் சரியான விலை என்று நான் சொல்ல வரவில்லை. சேர்ந்து வாங்கும்போது கிடைக்கும் பலம் தனியாக வாங்கும்போது கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம். இன்னொரு பக்கம், 43 ரூபாய்க்கு 12 ஆண்டு பஸ் ஓட்ட முடியுமா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது.

அடுத்தடுத்த டெண்டர்களில் பஸ் நிறுவனங்கள் தயங்கத் தொடங்கின. அவர்கள் சொன்ன காரணம் விலை மட்டும் அல்ல. ‘ஓட்டிய காசு நேரத்துக்கு வருமா?’ இந்தக் கேள்விதான் பெரிதாக நின்றது.

இதன் அளவு புரிய, சென்னைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸுக்கு நாளைக்கு 200 கிலோமீட்டர், 77 ரூபாய் 16 பைசா வீதம் 15,432 ரூபாய். 625 பஸ்ஸுக்கு நாளைக்கு 96 லட்சத்துக்கு மேல். மாதத்துக்கு ஏறத்தாழ 29 கோடி. மூன்று மாதம் பாக்கி விழுந்தால் 87 கோடி. ஆனால் டிரைவர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும், மின்வாரியம் காத்திருக்காது, வங்கிக்கு டியூ தேதி மாறாது. நாடு முழுவதும் போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற தொழிலாளியின் பணிக்கொடையையே தள்ளிப்போட வேண்டிய நிலையில் இருக்கும் கழகம், பஸ் கம்பெனியின் பில்லை மட்டும் தேதி தவறாமல் கட்டும் என்று எந்த வங்கி நம்பும்?

டிக்கெட் வருமானத்தை வைத்தும் நம்ப முடியாது. சென்னையில் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம். ஏசி இல்லாத மின்சார பஸ்களிலும் அது உண்டு. அந்த இலவசப் பயணத்துக்கான பணத்தை அரசு கழகத்துக்கு ஈடுகட்ட வேண்டும். வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணின் கையில் மாதம் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் திட்டம் அது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். ஆனால் பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டிய காசு பயணியிடமிருந்து அல்ல, அரசின் கஜானாவிலிருந்துதான் வருகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. கஜானா தாமதித்தால் எல்லாமே தாமதிக்கும்.

வங்கி இந்தப் பயத்தை வட்டியாக எழுதுகிறது. 1 கோடியே 73 லட்சம் ரூபாய் பஸ்ஸில் 80 சதவீதம் கடன், பத்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 24 லட்சத்து 50 ஆயிரம் கட்ட வேண்டும். 9 சதவீதம் என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம் போதும். வித்தியாசம் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்கு மேல். யாரும் ஒரு ரூபாய் மானியம் தராமலேயே, காசு வரும் என்ற நம்பிக்கை ஒன்று மட்டுமே தரக்கூடிய 4 ரூபாய் அது. 12 ஆண்டுக்கு 55 லட்சம் கொடுத்து வாங்கிய பதினொன்றரை ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

மூன்றாவது வழி

மத்திய அரசு இதைப் படிப்படியாகத்தான் புரிந்துகொண்டது. 2023 ஆகஸ்ட் 16ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். இ-பஸ் சேவா என்ற நகர பஸ் திட்டத்தில் மானியம் வண்டியிலிருந்து ஓட்டத்துக்கு நகர்ந்தது. 3 லட்சம், அதற்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களுக்கு 10,000 பஸ்கள். மத்திய அரசின் பங்கு 20,000 கோடி ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு ஓட்டச் செலவில் உதவி. 12 மீட்டர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், நடுத்தர பஸ்ஸுக்கு 22, சின்ன பஸ்ஸுக்கு 20. பஸ் டெப்போவில் தூங்கினால் இந்தப் பணம் வராது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2024 செப்டம்பர் 11ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு முடிவுகள். ஒன்று, ஃபேமுக்குப் பதிலாக வந்த பி.எம். இ-டிரைவ், 10,900 கோடி ரூபாய். அதில் 14,028 பஸ்களுக்கு 4,391 கோடி. 40 லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள ஒன்பது நகரங்களுக்கு. இன்னொன்று, பி.எம். இ-பஸ் சேவா பணப் பாதுகாப்புத் திட்டம், 3,435 கோடி ரூபாய்.

அன்றைய தலைப்புச் செய்தி முதலாவதுதான். ஆனால் இரண்டாவது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். போக்குவரத்துக் கழகம் பஸ் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நேரத்துக்குக் கொடுக்கத் தவறினால், சி.இ.எஸ்.எல். இந்த நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். அப்புறம் அந்தப் பணத்தைக் கழகத்திடம் கேட்கும். அங்கும் வராவிட்டால், ரிசர்வ் வங்கியில் உள்ள மாநில அரசின் கணக்கிலிருந்தே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மாநிலம் முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். 38,000 பஸ்களுக்கு மேல், ஒவ்வொன்றும் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டு வரை இந்தக் காப்பு.

பஸ் ஒன்றுக்கு வகுத்துப் பார்த்தால், பி.எம். இ-டிரைவ் மானியம் சுமார் 31 லட்சம். பணப் பாதுகாப்பு நிதி சுமார் 9 லட்சம். அந்த 9 லட்சமும் செலவாகிவிடும் பணம் அல்ல. எடுத்தது திரும்பி வரும், மறுபடி எடுக்கலாம். ஊரில் சீட்டுப் பணம் எடுப்பவருக்கு ஜாமீன் போட ஒரு ஆள் தேவைப்படுவதுபோலத்தான். ஜாமீன்தாரர் பணம் கட்ட நேராமல்கூடப் போகலாம். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் சீட்டை எடுக்க முடியாது.

மாநிலங்களுக்கு இதில் உறுத்தல் இருக்கிறது, அது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. தன் கஜானாவிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பது எந்த நிதித்துறைச் செயலாளருக்கும் எளிதான கையெழுத்து இல்லை. நெருக்கடி வந்தால் முதலில் பஸ் கம்பெனிக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று வரிசை மாறிவிடும். அந்த வரிசையில் பின்னால் நிற்பவர் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பி.எம். இ-டிரைவின் கீழ் 2025இல் ஒதுக்கப்பட்ட முதல் 10,900 பஸ்கள் பெங்களூருக்கு 4,500, டெல்லிக்கு 2,800, ஹைதராபாத்துக்கு 2,000, அகமதாபாத்துக்கு 1,000, சூரத்துக்கு 600 என்று போயின. ஒன்பது நகரங்களில் சென்னையும் ஒன்று, ஆனால் அந்த முதல் ஒதுக்கீட்டில் சென்னை இல்லை.

வண்டியை எண்ணினால் போதாது என்று காட்டிய இரண்டு இடங்கள்

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் ஒன்று வந்தது. மத்திய அரசு, மாநில அரசுகள், எரிபொருள் நிறுவனங்கள் ஆகியவை வாங்கும் புதிய சிறு வண்டிகளில் குறிப்பிட்ட பங்கு மாற்று எரிபொருள் வண்டியாக இருக்க வேண்டும் என்றது. மத்திய, மாநில அரசுகளுக்கு 75 சதவீதம், எரிபொருள் நிறுவனங்களுக்கு 90 சதவீதம். எத்தனாலிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் கார்களைக் கார் நிறுவனங்கள் கொடுத்தன. அரசு அலுவலகங்கள் வாங்கிக் கணக்கைச் சரிசெய்தன. அப்புறம் அருகில் இருந்த பங்க்கில் பெட்ரோலே போட்டுக்கொண்டன. எத்தனால் பங்க் பல ஊர்களில் இல்லவே இல்லை. வண்டியை வாங்கச் சொன்ன சட்டம் எரிபொருளைப் போடச் சொல்லவில்லை. 2005இல் வந்த அடுத்த சட்டம்தான், இரண்டிலும் ஓடும் அரசு வண்டிகள் மாற்று எரிபொருளையே போட வேண்டும் என்று சேர்த்தது; அதிலும் விலக்குக் கேட்க வழி இருந்தது. வண்டிக்கு மட்டும் மானியம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

டெல்லியின் கதை வேறு. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1998 ஜூலை 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தலைநகரின் பஸ்கள் எல்லாம் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. பழைய ஆட்டோ, டாக்சிகளை மாற்றுபவர்களுக்கு நிதிச் சலுகையும் தரச் சொன்னது. சலுகை ஒரு கையில், கெடு மறு கையில். பஸ்கள் மாறின, ஆட்டோக்களும் மாறின. ஆனால் கேஸ் நிலையங்கள் அந்த வேகத்தில் வளரவில்லை. ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் சவாரி போகாத மணி நேரம். வாங்கும்போது கிடைத்த சலுகையை அந்த வரிசையே தின்றுவிட்டது. 2002 ஏப்ரல் 5ஆம் தேதி நீதிமன்றம் டீசல் பஸ்ஸுக்கு நாளைக்கு 500 ரூபாய் அபராதம், முப்பது நாளுக்குப் பிறகு 1,000 ரூபாய் என்று விதித்தது. அதோடு, கேஸை முதலில் போக்குவரத்துக்கு ஒதுக்கச் சொன்னது. இரண்டாவது உத்தரவுதான் ஆட்டோக்காரரின் இரவைக் காப்பாற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் டெல்லி நகர பஸ்களில் டீசல் இல்லாமல் போனது.

டெல்லி இன்றும் சலுகையோடு கெடுவையும் வைக்கிற ஊர்தான். 2023 நவம்பரில் வந்த அதன் திட்டப்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் டாக்சி, டெலிவரி நிறுவனங்கள் 2030 ஏப்ரல் 1க்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறியாக வேண்டும்.

பெரிய தொகை இல்லாத சலுகைகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சார வாடகை வண்டிகளுக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. 2018 அக்டோபரிலிருந்து அவற்றுக்குப் பர்மிட் தேவையில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உள்ளாட்சி அமைப்புகள் மின்சார பஸ்ஸை வாடகைக்கு எடுத்தால் வரியே இல்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 2022 ஜூனிலிருந்து 15 சதவீதத் தள்ளுபடி. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு விலக்கு.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி டீசல் பஸ், லாரிகளின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. லாரி முதலாளிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் மின்சார வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் இருந்த 23 புள்ளி வித்தியாசம் ஒரே நாளில் 13 ஆனது. ஒரு கையால் மின்சார வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே, மறு கையால் டீசல் வண்டியின் விலையையும் குறைத்தாகிவிட்டது.

நாமக்கல்லில் ஒரு லாரி வைத்திருப்பவருக்கு

பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் ஒப்பந்தம் கிடைத்தது. லாரிக்கு யார் தருவார்கள்?

பி.எம். இ-டிரைவில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2025 ஜூலை 11ஆம் தேதி விதிமுறை வந்தது. லாரியின் எடையைப் பொறுத்து அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சுமார் 5,600 லாரிகளுக்கு. பேட்டரிக்கு ஐந்து ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கட்டாயம். முக்கியமான நிபந்தனை: பழைய டீசல் லாரியை உடைக்கக் கொடுத்ததற்கான சான்றிதழ் வேண்டும்.

காற்றுக்கு இந்த நிபந்தனை நல்லது. புது மின்சார லாரியும் வந்து, பழைய லாரியும் வேறு ஊரில் புகை கக்கிக்கொண்டு ஓடினால் என்ன பயன்? ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒன்று, இரண்டு லாரி வைத்திருப்பவரின் கணக்கில் இது எப்படி விழுகிறது? அவருக்குப் பழைய லாரிதான் சேமிப்பு. அதை ஓடுகிற வண்டியாக விற்று, அந்தக் காசை முன்பணமாகப் போட்டுத்தான் அடுத்த லாரிக்குக் கடன் வாங்குவார். உடைக்கக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். பெரிய மின்சார லாரியின் விலை ஒரு கோடியைத் தாண்டும்போது 9 லட்சத்து 60 ஆயிரம் என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதிக்கு ஃபைனான்ஸ் கொடுப்பவர், இந்த லாரியை ஐந்து ஆண்டு கழித்து யார் வாங்குவார் என்று கேட்பார். பதில் சொல்லச் சந்தை இன்னும் உருவாகவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓட்டம். புக்கிங் ஆபீஸில் இன்றைக்கு மும்பை லோடு, நாளைக்கு கொல்கத்தா லோடு. எங்கே சார்ஜ் போடுவது, சார்ஜ் ஏறும்வரை எங்கே நிற்பது, வாடகைப் பாக்கி எப்போது வரும் என்று எதுவும் அவர் கையில் இல்லை. மின்சார லாரிக்குத் தேவையானது இதற்கு நேர் எதிரானது: ஒரே பாதை, போய்த் திரும்பும் தூரம் தெரிந்த டிரிப், மாதாமாதம் உறுதியான லோடு. சிமென்ட் ஆலையிலிருந்து ரயில் நிலையம் வரை, துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் யார்டு வரை என்ற மாதிரி. அதனால்தான் அரசின் விதிமுறையோடு சேர்ந்து வந்த ஒரு சின்ன செய்தி எனக்குப் பெரிதாகப் பட்டது. அரசு உருக்கு நிறுவனமான செயில், இரண்டு ஆண்டுகளில் 150 மின்சார லாரிகள் வாங்குவதாகவும், தான் வாடகைக்கு எடுக்கும் வண்டிகளில் குறைந்தது 15 சதவீதம் மின்சார வண்டியாக இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. சரக்கு வைத்திருப்பவர் இப்படி எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தைக் காட்டிச் சின்ன லாரி முதலாளியும் வங்கியில் உட்கார்ந்து பேச முடியும். பஸ்ஸுக்குக் கொடுத்த பணப் பாதுகாப்பைப் போல, லாரி வாடகைக்கும் ஒரு ஜாமீன் நிதி வந்தால், 9 லட்சத்து 60 ஆயிரத்தைவிட அது அதிகம் சாதிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டெப்போவுக்குள்

கடைசியாக மின்சாரம். வியாசர்பாடி டெப்போவை மின்சார பஸ்ஸுக்குத் தயார்படுத்த மட்டும் 47 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவானது. இது பஸ்ஸின் விலையில் சேராத பணம். தனியார் நிறுவனம் போட்டிருந்தால் கிலோமீட்டர் விலைக்குள் ஒளிந்து வந்திருக்கும். பி.எம். இ-டிரைவும் சார்ஜிங் வசதிக்கென 2,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. டெல்லி ஆட்டோ வரிசையின் பாடம் அதில் தெரிகிறது.

மின்கட்டணத்தில் இன்னும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. 2023இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி, சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் நகர பஸ் பகலில் ரோட்டில் இருக்கிறது. இரவில்தான் டெப்போவுக்கு வருகிறது. மலிவான மின்சாரம் இருக்கும் நேரத்தில் பஸ் இல்லை. காலை நெரிசல் முடிந்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு முன்னால், பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் பாதி பஸ்களையாவது சுழற்சியில் உள்ளே கொண்டுவந்து சார்ஜ் போடும்படி டைம் அட்டவணையை எழுதினால் யூனிட்டுக்குக் கணிசமாக மிச்சமாகும். அந்த மிச்சம் யாருக்குப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். மின்கட்டணம் முழுவதும் கம்பெனியின் பொறுப்பு என்றால் மிச்சமும் கம்பெனிக்கே.

டிரைவர்களின் விஷயமும் இந்த ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கிறது. கழகத்தின் டிரைவர் வேலை என்பது ஒரு குடும்பத்தை நிமிர வைத்த வேலை. தனியார் டிரைவருக்கு அந்தச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்காது என்று தொழிற்சங்கங்கள் சொல்வதை விலை குறைவு என்ற ஒரே பதிலால் ஒதுக்கிவிட முடியாது. கிலோமீட்டர் விலையில் எவ்வளவு பேட்டரிக்கு, எவ்வளவு வட்டிக்கு, எவ்வளவு டிரைவருக்கு என்று பிரித்து வெளியிட்டால்தான், விலை இறங்கும்போது எது இறங்குகிறது என்று ஊருக்குத் தெரியும்.

பி.எம். இ-டிரைவின் கெடு பஸ், லாரிகளுக்கு 2028 மார்ச் 31 வரை நீட்டப்பட்டிருக்கிறது. வியாசர்பாடியில் முதல் நாள் புறப்பட்ட பஸ்ஸின் ஒப்பந்தம் முடியும்போது 2037ஆம் ஆண்டு ஆகியிருக்கும். அதற்கு நடுவில் அந்த பஸ்ஸுக்குப் புது பேட்டரி போட வேண்டி வரலாம். அன்றைக்கு அதற்கென மானியம் எதுவும் இருக்காது. கிலோமீட்டருக்கு 77 ரூபாய் 16 பைசா மாதாமாதம் வந்துகொண்டிருந்தால், அதிலிருந்துதான் அந்த பேட்டரி வர வேண்டும்.